டயாலிசிஸ் நோட்டுல ஒரு கட்டம் கூட போடுங்க

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பெரியாஸ்பத்திரி, தாலுகா ஆஸ்பத்திரி, காப்பீட்டுத் திட்டத்துல இருக்குற பிரைவேட் ஆஸ்பத்திரின்னு எங்கெல்லாம் டயாலிசிஸ் மெஷின் ஓடுதோ அங்க பொறுப்புல இருக்குற டாக்டருங்களுக்கும், திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு பழைய கண்டக்டர் எழுதிக்கிறது.

வணக்கம் ஐயா, அம்மா.

பதினாறு வருஷம் பிரைவேட் பஸ்ல கண்டக்டரா இருந்தவன் நான், திண்டுக்கல் - ஒட்டன்சத்திரம் - பழனி ரூட். பிபி இருக்குன்னே தெரியாம அதுபாட்டுக்கு ஏறிக் கெடந்து, கால் வீங்கி, மூஞ்சி வீங்கி, ஒரு நாள் மூச்சு விட முடியாம போய் அட்மிட் ஆனப்பதான் ரெண்டு கிட்னியும் சுருங்கிருச்சுன்னு சொன்னாங்க. இப்ப ஏழு வருஷமா டயாலிசிஸ். திங்கள் புதன் வெள்ளி, காலைல அஞ்சரை ஷிஃப்ட், நாலு மணி நேரம். காப்பீட்டுத் திட்டத்துல காசு இல்லாம ஓடுது. இத மொதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா இந்த லெட்டர் குறை சொல்ற லெட்டர் மாதிரி போகும், ஆனா அந்தத் திட்டம் இல்லன்னா இத எழுதவே ஆள் இருந்திருக்க மாட்டேன்.

விசயத்துக்கு வர்றேன். டயாலிசிஸ் ஆரம்பிச்சு ரெண்டாவது வருஷம்னு நினைக்கிறேன், கூட வேலை பாத்த டிரைவர் அண்ணன் மகளுக்கு கல்யாணம், ஒட்டன்சத்திரம் போகணும். நான் ஓட்டின அதே பஸ்ஸு, அதே படிக்கட்டு. ஓடுற பஸ்ல ஒரு கைல கம்பிய புடிச்சு தாவி ஏறினவன் நான், அன்னைக்கு நின்ன பஸ்ல முதல் படில கால வச்சேன், ரெண்டாவது காலத் தூக்க முடியல. தொடை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, பின்னாடி நிக்கிற ஆளு ஏறுங்கண்ணே ஏறுங்கண்ணேன்னு சத்தம் போடுறாரு. கடைசில புது கண்டக்டர் பையன் அக்குள்ல கை கொடுத்து தூக்கி விட்டான். அவனுக்கு வேலை கத்துக் கொடுத்ததே நான்தான். சன்னல் பக்கம் மூஞ்ச திருப்பிக்கிட்டு உக்காந்துட்டேன்.

அடுத்த வாரம் யூனிட்ல டாக்டர்கிட்ட சொன்னேன். நோட்ட வாங்கிப் பாத்தாரு, ஹீமோகுளோபின் பத்தரை, பொட்டாசியம் நார்மல், வெயிட்டும் ரெண்டு கிலோக்கு மேல ஏறல, எல்லாம் நல்லாத்தானப்பா இருக்கு, டயாலிசிஸ் பேஷன்ட்டுன்னா டயர்டாத்தான் இருக்கும், ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. நல்ல மனுசன்தான் அவரு. தப்பு அவர் மேல இல்ல, அந்த நோட்டு மேலதான்.

எங்க டயாலிசிஸ் நோட்ட நீங்க பாத்திருப்பீங்க. தேதி, மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி வெயிட், எடுத்த பிறகு வெயிட், பிபி நாலஞ்சு தடவை, எத்தன லிட்டர் தண்ணி எடுத்தாங்க, ரத்தம் உறையாம இருக்க போடுற ஹெப்பாரின் எவ்வளவு, ரத்தம் ஊறுறதுக்கான ஈபிஓ ஊசி போட்டாச்சா இல்லையா, மாசத்துக்கு ஒருக்கா யூரியா கிரியாட்டினின் ஹீமோகுளோபின். ஏழு வருஷத்துல இந்த மாதிரி பதினோரு நோட்டு முடிச்சுட்டேன், வீட்ல பரண்ல கட்டி வச்சிருக்கேன். அந்த பதினோரு நோட்டுல ஒரு எடத்துல கூட இந்த ஆளால எவ்வளவு தூரம் நடக்க முடியுது, சேர்ல இருந்து எந்திரிக்க முடியுதா, மாடி ஏறுனா எத்தனாவது படில மூச்சு வாங்குதுன்னு ஒரு வரி கெடையாது. ரத்தத்துல இருக்குற ஒவ்வொண்ணையும் அளக்குறீங்க, அந்த ரத்தம் ஓடுற ஆள அளக்கவே இல்ல.

அதுக்கப்புறம்தான் நானா உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். பத்தாவதுதான் படிச்சிருக்கேன், ஆனா நாலு மணி நேரம் ஒரு கைய அசைக்காம படுத்துக் கெடக்குற ஆளுக்கு இன்னொரு கைல போன் இருந்தா என்ன வேணா படிக்கலாம். புரியாதத எங்க யூனிட் டெக்னீஷியன் தம்பிகிட்டயும், சொந்தத்துல பிசியோ படிச்ச ஒரு பொண்ணுகிட்டயும் கேட்டுக்குவேன்.

உடம்பு முழு மூச்சா வேலை செய்யும்போது ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னு ஒரு அளவு இருக்காம், வி.ஓ.2 மேக்ஸ்னு சொல்றாங்க. நம்ம வயசு சாதாரண ஆளுக்கு, எக்சர்சைஸே பண்ணாத ஆளுக்கு, உடம்பு எடைல கிலோவுக்கு 30, 35 மில்லி வரும். டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் 15ல இருந்து 20தான். சும்மா உக்காந்திருக்கவே மூணரை மில்லி வேணும். மாடிப்படி கொஞ்சம் வேகமா ஏறணும்னா அதப்போல நாலஞ்சு மடங்கு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க. மத்தவங்களுக்கு மாடி ஏறுறது பாதி ஆக்சிலேட்டர், எங்களுக்கு அதுவே ஃபுல் ஆக்சிலேட்டர், அதுக்கு மேல மிதிக்க எடமே இல்ல. அன்னைக்கு பஸ் படில நான் சோம்பேறித்தனமா நிக்கல ஐயா, என் இன்ஜினோட உச்சம் அம்புட்டுதான்.

இத வெறும் டயர்டுன்னு தள்ளிவிட முடியாதுன்னும் படிச்சேன். 2004ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, நடமாட முடியுற டயாலிசிஸ் பேஷன்ட்டுங்கள சைக்கிள் மிதிக்க வச்சு இந்த அளவ எடுத்து, அப்புறம் வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க. பதினேழரைக்கு மேல வந்தவங்க அதிகமா உயிரோட இருந்தாங்க. ரத்த டெஸ்டு எத்தனையோ பாக்குறீங்களே, எங்க ஆயுச சொல்ற நம்பர் இதுவும் ஒண்ணு, இத ஏன் பாக்க மாட்டேங்குறீங்க?

ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், என் தொழில் பாஷைலயே சொல்றேன். ஆக்சிஜன்தான் பாசஞ்சர். நுரையீரல்தான் பஸ் ஸ்டாண்டு. ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின்தான் பஸ்ஸு. இதயம் டிரைவர். தசைதான் போய்ச் சேர வேண்டிய ஊரு. கிட்னி போனா ரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபாய்டின் (அதான் ஈபிஓ) சுரக்காது, அதனால பஸ்ஸோட எண்ணிக்கையே கொறஞ்சு போகுது, அதுக்குத்தான் ஈபிஓ ஊசி போட்டு பஸ்ஸ கூட்டுறீங்க. சரி. ஆனா பஸ்ஸ கூட்டினா மட்டும் போதல. ஊசி போட்டு ஹீமோகுளோபின் ஏத்தினப்புறமும் இந்த தெம்பு எதிர்பாத்த அளவுக்கு ஏறலன்னு பாத்திருக்காங்க. ஏன்னா ஊர்ல எறங்குறதுக்கு ஸ்டாப் இல்ல. தசைக்குள்ள இருக்குற சின்னச்சின்ன ரத்தக்குழா கொறஞ்சு போச்சு, தசையே மெலிஞ்சு போச்சு, ஆக்சிஜன வாங்கி எரிக்கிற மைட்டோகாண்ட்ரியா சோந்து போச்சு. பஸ் நெறைய ஆளோட வந்து அப்படியே திரும்பிப் போகுது.

இதுல ஃபிஸ்டுலா வேற. ஊசி குத்த வசதியா கைல தமனியையும் சிரையையும் சேத்துத் தச்சு விட்டுருக்கீங்கல்ல, இதயம் நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர் பம்ப் பண்ணுதுன்னா அதுல ஒரு லிட்டர் போல அந்த வழியாவே சுத்திட்டு வந்துரும். ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே போற பஸ்ஸு மாதிரி. அத ஒண்ணும் பண்ண முடியாது, அது இல்லன்னா டயாலிசிஸ் ஒழுங்கா ஓடாது. ஆனா டிரைவருக்கு அது கூடுதல் டூட்டி. பல வருஷம் பிபி, உடம்புல தேங்குற தண்ணி, இந்த கூடுதல் டூட்டி எல்லாம் சேந்து இதயத்தோட இடப்பக்க சுவர் தடிச்சுப் போகுது. தண்ணி கூடிப்போனா நுரையீரல்லயும் கோத்துக்குது, மூச்சு இழுக்குற தசையும் மத்த தசை மாதிரியே மெலியுது. போதாததுக்கு ஒவ்வொரு டயாலிசிஸ்லயும் 6ல இருந்து 12 கிராம் வரைக்கும் அமினோ அமிலம் கழுவிட்டுப் போகுதாம், முட்டை சாப்பிடு முட்டை சாப்பிடுன்னு டயட்டீஷியன் அக்கா கத்துறதோட அர்த்தம் இப்பத்தான் புரியுது.

இதெல்லாம் நோயி பண்றது. மீதிய நாம பண்றோம். நாமன்னா எல்லாரையும்தான் சொல்றேன். டயாலிசிஸ்னு பேர் வந்த அன்னைக்கே வீட்ல ஆள கட்டில்ல போட்டுருவாங்க. எங்கம்மா தண்ணி சொம்ப கூட எடுக்க விடாது (தண்ணியே அரை டம்ளர்தான், அது வேற கதை). பொண்டாட்டி கடைக்குப் போக விடாது. சொந்தக்காரங்க வந்தா எந்திரிக்காதீங்க எந்திரிக்காதீங்கன்னுவாங்க. பாசந்தான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பாசத்துலயே ஒரு வருஷத்துல என் தொடை பாதியா போச்சு. வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல நாலு மணி நேரம், வந்து அசதில அன்னைக்கு முழுக்கப் படுக்கை, மறுநாள் நாளைக்கு மறுபடி போகணுமேன்னு படுக்கை. வருஷத்துக்கு 156 தடவை, 624 மணி நேரம், மெஷின்ல படுத்த நேரம் மட்டும். அந்த 624 மணி நேரத்துல எங்கள என்ன பண்ண வைக்கலாம்னு யாராச்சும் யோசிச்சீங்களா? எங்க யூனிட்ல டிவி வச்சிருக்காங்க, அதுல பாதி நாள் ரிமோட்டக் காணோம்.

பக்கத்து பெட்ல ஒரு அக்கா இருக்கு, அறுபது வயசுக்கு மேல. அது வீட்ல இந்தியன் டாய்லெட்டு. உக்காந்தா எந்திரிக்க முடியாம ஒரு நாள் முக்கா மணி நேரம் உள்ளயே கெடந்துச்சாம், பேரன் ஸ்கூல் விட்டு வந்துதான் கதவ தள்ளித் தூக்கி விட்டிருக்கான். அதுல இருந்து அக்கா சாப்பாட்டையே கொறைச்சிருச்சு, வெளிய போக வேண்டி வருமேன்னு. சாப்பாடு கொறஞ்சதும் ரத்தத்துல ஆல்புமின்ங்குற புரதம் கொறஞ்சுச்சு, யூனிட்ல ஏன் சாப்பிட மாட்டேங்குறன்னு திட்டுறாங்க. அக்கா காரணத்த எங்கிட்ட சொல்லுச்சு, டாக்டர்கிட்ட சொல்லல, வெக்கம். சிட் டு ஸ்டாண்டுன்னு ஒரு டெஸ்டு இருக்கு, கைய கட்டிக்கிட்டு ஒரு நிமிஷத்துல சேர்ல இருந்து எத்தன தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு பாக்குறது. ஒரு சேரும் ஒரு கடிகாரமும் போதும். அத ஒருக்கா பண்ணியிருந்தா அந்த அக்கா வாயத் தொறக்காமயே தெரிஞ்சிருக்கும்.

நானா பண்ணிப் பாத்தேன். என் பழைய விசில் இன்னும் இருக்கு, பொண்டாட்டிட்ட குடுத்து, நீ ஊது நான் ஆரம்பிக்கிறேன், ஒரு நிமிஷம் ஆனதும் மறுபடி ஊதுன்னு சொன்னேன். பதினொண்ணு வந்துச்சு. பன்னெண்டாவது தடவை முட்டி ஒத்துழைக்கல. அப்புறம் ஆறு நிமிஷ நடை டெஸ்டு. அதுக்கு 30 மீட்டர் நேரான எடம் வேணும்னு போட்டிருந்துச்சு, 30 மீட்டர்னா எங்க கணக்குல மூணு பஸ்ஸு ஒண்ணு பின்னாடி ஒண்ணு நின்ன நீளத்துக்குக் கிட்டத்தட்ட. மதியம் கூட்டம் கொறைஞ்ச நேரத்துல பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்டேன், பழைய ஆளுங்கல்லாம் என்னண்ணே அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறீங்க டூட்டிக்கு வந்துட்டீங்களான்னு கேலி பண்ணாங்க. ஆறு நிமிஷத்துல ஒன்பது நடையும் கொஞ்சமும், 280 மீட்டர் சொச்சம். நல்லா இருக்குற ஆளு 500, 600 மீட்டர் போயிருவான்.

டயாலிசிஸ் ஓடும்போதே கால் பெடல் மிதிக்கலாம், வெளிநாட்டுல 1980கள்லயே ஆரம்பிச்சிட்டாங்கன்னு படிச்சு, ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள ஒரு மினி பெடல் வாங்கிட்டுப் போனேன். மொத நாள் சிஸ்டர் அலறுன அலறல்ல வார்டே முழிச்சிருச்சு. லைன் கழண்டா யார் பதில் சொல்றது, இது ஜிம்மா ஆஸ்பத்திரியான்னு. நியாயமான கேள்விதான். ஒரு சிஸ்டருக்கு ஆறு பேஷன்ட், அதுல ஒருத்தன் சைக்கிள் மிதிக்கிறேன்னு நின்னா அவங்க என்ன பண்ணுவாங்க. அப்புறம் டெக்னீஷியன் தம்பி பேசி, ஊசி குத்தாத பக்கமா உடம்ப வச்சுக்கிட்டு, பெட் நுனில பெடல கயித்தால கட்டி, பத்து நிமிஷம் மட்டும்னு அனுமதி வாங்கிக் குடுத்தான். நானும் ஒரு முட்டாள்தனம் பண்ணேன், மூணாவது மணி நேரத்துல மிதிச்சேன். அப்ப தண்ணியெல்லாம் எடுத்து பிபி எறங்குற நேரம். கண்ணு இருட்டி, சலைன் ஏத்தி, ஒரு மாசம் பெடலுக்குத் தடை. மொத ரெண்டு மணி நேரத்துக்குள்ள பண்ணிரணும்ங்குறது எழுதி வச்ச விசயம், எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்ல. நாடித்துடிப்ப பாத்து பண்ணலாம்னா அதுவும் எங்களுக்கு செட் ஆகாது, பிபி மாத்திரையும் நரம்பு பாதிப்பும் இருக்குறதால துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. மிதிச்சுக்கிட்டே பக்கத்து பெட்டு ஆள்ட்ட பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது, அதான் கணக்குன்னு பிசியோ பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. இதெல்லாம் ஒருத்தன் விழுந்து எழுந்து கத்துக்க வேண்டிய விசயமா ஐயா?

சரி, ஒருத்தன் கதைய வச்சு திட்டம் போட முடியாதுன்னு சொல்வீங்க. ஜெர்மனில 21 சென்டர்ல 917 டயாலிசிஸ் பேஷன்ட்டுங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2023ல வெளியிட்டாங்க. பாதிப் பேருக்கு வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் ஓடும்போதே பெடலும் தசைப் பயிற்சியும், மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். ஒரு வருஷம் கழிச்சு அதே சேர் டெஸ்டு. எக்சர்சைஸ் பண்ணவங்க நிமிஷத்துக்கு 16ல இருந்து 19க்கு ஏறிட்டாங்க, பண்ணாதவங்க 16ல இருந்து 15க்குக் கீழ எறங்கிட்டாங்க. எனக்கு அந்த ரெண்டாவது நம்பர்தான் நெஞ்சுல தச்சுச்சு. சும்மா இருந்தா அப்படியே இருப்போம்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கோம், சும்மா இருக்குறதுல வருஷத்துக்கு ஒரு படி கீழ போறோம். ஆஸ்பத்திரில படுத்த நாளும் எக்சர்சைஸ் பண்ணவங்களுக்குத்தான் கொறைவு. காப்பீட்டு பில்ல பாக்குற ஆளுங்க இந்த வரிய ரெண்டு தடவை படிங்க.

மெஷின் பக்கத்துல எடமில்ல, ஆளில்லன்னா இத்தாலிக்காரங்க வழி இருக்கு. 2017ல வந்த ஆய்வு, 296 பேர், வீட்லயே நடக்கச் சொன்னாங்க, டயாலிசிஸ் இல்லாத நாள்ல பத்து நிமிஷம் பத்து நிமிஷமா ரெண்டு தடவை, அவ்வளவுதான். ஆறு மாசத்துல ஆறு நிமிஷ நடை 328 மீட்டர்ல இருந்து 367 ஆச்சு. நடக்காத குரூப்பு இருந்த எடத்துலயே இருந்துச்சு. இங்கிலாந்துல லெஸ்டர்ல ஆறு மாசம் பெடல் மிதிக்க வச்சு ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப, சைக்கிள் மிதிக்காதவங்களோட ஒப்பிட்டா இதயத்தோட இடப்பக்க எடை சராசரியா 11 கிராம் கொறைஞ்சிருந்துச்சு. தடிச்சுப்போன சுவர்னு சொன்னேன்ல, அது.

சாதகமா வந்தத மட்டும் சொல்லிட்டுப் போனா நான் டிக்கெட் கிழிக்காம காசு வாங்குன கண்டக்டர் மாதிரி ஆயிரும், அதனால இதையும் சொல்றேன். அதே இங்கிலாந்துல இன்னொரு பெரிய ஆய்வு 2021ல வந்துச்சு, அதுல ஆறு மாசம் பெடல் மிதிச்சும் வாழ்க்கைத்தரம் பத்தின கேள்வித்தாள்ல பெருசா முன்னேற்றம் இல்ல. ஏன்னு உள்ள போய்ப் பாத்தா, போட்டுக் குடுத்த அட்டவணைல பாதி கூட பண்ணி முடிக்காதவங்க நெறைய. மெஷின கொண்டாந்து வச்சா மட்டும் ஆகாது, பக்கத்துல நின்னு மிதிங்க பாப்போம்னு சொல்ல ஆள் வேணும்னு நான் அத எடுத்துக்குறேன். ஜெர்மனில அந்த ஆள் இருந்தாங்க.

நம்மகிட்ட ஆள் இல்லையான்னா, இருக்காங்க! அதுதான் எனக்கு ஆச்சரியமே. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சீங்க. பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு பை வீட்டுக்கே வருது, அதே திட்டத்துல பிசியோதெரபிஸ்டும் வீடு வீடா வர்றாங்க. எங்க தெருவுலயே பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஒரு பொண்ணு வண்டில வந்து கை கால் பயிற்சி குடுத்துட்டுப் போகுது, அந்த தாத்தா இப்ப டீக்கடை வரைக்கும் போறாரு. அந்தப் பொண்ண எங்க வாசல்ல நிறுத்தி கேட்டேன், டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு பாப்பியாம்மான்னு. லிஸ்ட்டுல வந்தா பாப்பேன் சார், லிஸ்ட்டுல இல்லையேன்னுச்சு. பயிற்சி எடுத்த ஆள் இருக்கு, வண்டி இருக்கு, சம்பளம் போகுது, எங்க பேரு மட்டும் லிஸ்ட்டுல இல்ல. இது பட்ஜெட் பிரச்சனையே கெடையாது, ஒரு சர்க்குலர் பிரச்சனை.

இன்னொண்ணும் உறுத்துது. 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி ஆரம்பிச்சு வச்சீங்க. நல்ல விசயம். பேப்பர்ல படம் பாத்தேன், எல்லாரும் வெள்ள டீசர்ட் போட்டு நடந்தாங்க. அந்த நேரம் நான் ஆறு நிமிஷத்துக்கு 280 மீட்டர் ஆளு. எட்டு கிலோமீட்டர்ல எங்களுக்குன்னு ஒரு 300 மீட்டர் இருக்கக் கூடாதா, நடுவுல நடுவுல உக்கார ஒரு திண்டோட? ஆஸ்பத்திரி காரிடார்லயே சுவத்துல பெயின்ட்டால மீட்டர் கணக்கு எழுதிப் போட்டாலும் போதும். டயாலிசிஸுக்கு முன்னாடி வெளிய காத்துக் கெடக்குற நேரத்துல நாங்களே நடந்து அளந்துக்குவோம். பெயின்ட் செலவு எவ்வளவு ஆகிறப்போகுது.

நான் கேக்குறது பெருசு இல்ல. அந்த நோட்டுல ஒரு கட்டம் கூட போடுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா சேர் டெஸ்டு எத்தன, ஆறு நிமிஷ நடை எத்தன மீட்டர். கட்டம்னு ஒண்ணு இருந்தா யாராச்சும் அத நிரப்பித்தான் ஆகணும், நிரப்பினா கொறையுதா ஏறுதான்னு கண்ணுல படும், கண்ணுல பட்டா டாக்டர் கேப்பாரு. வீடு வீடா வர்ற அந்த பிளாக் பிசியோவ வாரத்துல ஒரு நாள், ஒரு ஷிஃப்டாவது, பக்கத்துல இருக்குற டயாலிசிஸ் யூனிட்டுக்கு அனுப்புங்க. அவங்க வர்ற நாள்ல சிஸ்டருக்கும் டெக்னீஷியனுக்கும் எப்ப பண்ணலாம் எப்ப கூடாதுன்னு சொல்லிக் குடுக்கட்டும். தனியாருக்கு டயாலிசிஸ் யூனிட் ஒப்பந்தம் விடுறீங்கல்ல, 2016ல இருந்து மத்திய அரசு டயாலிசிஸ் திட்டத்துலயும் அப்படித்தான் போகுது, அந்த ஒப்பந்தத்துல மெஷின் எத்தன, ஆர்.ஓ தண்ணி தரம் என்னன்னு எழுதுற பக்கத்துல ரெண்டு பெடலும் காலுக்குக் கட்டுற மணல் பையும் எழுதிருங்க.

பயமா இருக்கும், தெரியும். இவனுங்க ஹார்ட்டே வீக்கு, பயிற்சி குடுத்து ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்புன்னு. எல்லாருக்கும் குடுக்கச் சொல்லல. எக்கோ (இதய ஸ்கேன்) பாருங்க, நெஞ்சுவலி உள்ளவங்க, காய்ச்சல் உள்ளவங்க, டயாலிசிஸ் ஒண்ணு விட்டுட்டு வந்தவங்க, தண்ணி அளவுக்கு மீறி ஏத்திக்கிட்டு வந்தவங்க, பிபி தாறுமாறா இருக்குறவங்க, இவங்களுக்கு அன்னைக்கு வேணாம். சனி ஞாயிறு ரெண்டு நாள் இடைவெளி விட்டு திங்கக்கெழம வர்றோம்ல, எங்களுக்கே தெரியும் அதுதான் மோசமான நாளுன்னு, அன்னைக்கு பாத்துத்தான் பண்ணணும். ஃபிஸ்டுலா கைய மெஷின்ல இருக்கும்போது அசைக்கக் கூடாது, அதுவும் தெரியும். ஆனா ஆபத்துன்னு சொல்றப்ப ரெண்டு பக்கமும் எடை போடுங்க. பெடல் மிதிச்சு பிபி எறங்குனது எனக்கு ஒரு தடவை. தொடைல வலு இல்லாம பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு போன ஆளுங்க எங்க யூனிட்லயே இந்த ஏழு வருஷத்துல மூணு பேரு. அதுல ரெண்டு பேரு திரும்ப ஷிஃப்டுக்கு வரல.

கிட்னி மாத்துறதுக்குப் பேரு பதிஞ்சு வச்சிருக்கோம். 2008ல இருந்து மூளைச்சாவு உறுப்பு தானத்துல நம்ம மாநிலம் எல்லாருக்கும் முன்னோடின்னு நீங்களே சொல்றீங்க. ஆனா நடுராத்திரி போன் வந்து கிட்னி இருக்கு வாங்கன்னு கூப்பிடுற அன்னைக்கு, ஆபரேசன் தாங்குற இதயமும் நுரையீரலும் எங்கிட்ட இருக்கணும்ல? வருஷக்கணக்கா கட்டில்ல போட்டு வச்சுட்டு, கடைசில அனஸ்தீசியா டாக்டர் இந்த ஆளு ஃபிட் இல்லன்னு கையெழுத்துப் போட்டா, காத்திருந்ததுக்கு என்ன அர்த்தம். எங்க கூட இருந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆச்சு, முப்பத்தஞ்சு வயசு கூட இல்ல.

என் நெலமை என்னன்னா, நான் ஒண்ணும் அத்லெட் ஆயிரல. டயாலிசிஸ் இல்லாத நாள்ல காலைலயும் சாயங்காலமும் நடை, புதனும் வெள்ளியும் மெஷின்ல ஏறி அரை மணி நேரம் கழிச்சு இருபது நிமிஷம் பெடல், வீட்ல கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு கொஞ்சம் உக்காந்து எந்திரி. இப்ப சேர் டெஸ்டு பதினேழு. ஆறு நிமிஷ நடை 350 பக்கம். மெஷின்ல இருந்து எறங்குன பிறகு வர்ற அசதி முன்ன மாதிரி நாள் முழுக்க இல்ல, மதியத்தோட போயிருது, அதனால ஒரு சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் போடுற வேலைக்குப் போறேன், வாரத்துல மூணு நாள். பழனி மலை 693 படியும் ஏறிருவேன்னெல்லாம் சொல்ல மாட்டேன், போன தைப்பூசத்துக்கு அப்புறம் கூட்டம் கொறைஞ்சதும் போய் நாப்பது படி ஏறி உக்காந்துட்டு, எறங்கி வந்து ரோப் கார்ல மேல போனேன். பஸ்ல நானே ஏறுனேன், யாரும் தூக்கல. பக்கத்து பெட் அக்காவும் இப்ப உக்காந்து எந்திரிக்கப் பழகுது, ஒம்பது வரைக்கும் வருது, பேரன் எண்ணுறானாம்.

எங்க யூனிட்ல அந்தக் காலை ஷிஃப்ட்டுல இப்ப நாலு பேரு பெடல் மிதிக்கிறோம், இருக்குறது ஒரே பெடல், மாத்தி மாத்தி. அலறுன அதே சிஸ்டர்தான் இப்ப யார் அடுத்ததுன்னு கேக்குறாங்க. உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் ஒரு வெள்ளிக்கெழம காலைல வந்து பாருங்க. சொல்லாம கொள்ளாமயே வரலாம், அஞ்சரைல இருந்து ஒம்பதரை வரைக்கும் நாங்க எங்கயும் போயிர மாட்டோம். டெஸ்டு எடுக்கணும்னா கருவி ஏதும் கொண்டு வர வேணாம், சேரு அங்கயே இருக்கு, சுவத்துல கடிகாரம் இருக்கு, விசில் எங்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
திங்கள் - புதன் - வெள்ளி, காலை ஷிஃப்ட், ஏழாம் நம்பர் பெட்